ஊடகங்கள் காட்டும் உலகம் எவ்வளவு மெய்யானது?

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அதனைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காத பெற்றோர் அரிது. ஆயினும், தீர விசாரிக்க வேண்டிய வேளை வந்தபோது புலம்பெயர் தமிழ்ச் சமூகம் அவ்வாறு விசாரித்ததா? இவ்வினாவை எழுப்பும் ஒரு நிகழ்ச்சியிலிருந்து இவ்வுரை தொடங்குகின்றது.

இலண்டனில் நடந்தது

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். வன்னியில் போர் இறுதிக் கட்டத்தை எட்டியிருந்தது. பிரித்தானியத் தமிழர்கள் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் இரவு பகலாகக் கூடி நின்று போர்நிறுத்தம் கோரினர். அச்சதுக்கத்தில் ஓர் இளைஞர் 23 நாட்கள் உண்ணாநிலைப் போராட்டம் மேற்கொண்டார். அவரைச் சூழ ஆயிரக்கணக்கானோர் இருந்தனர். தாய்மார் அழுதனர், மாணவர்கள் படிப்பை விட்டு வந்து அமர்ந்தனர்.

போர் முடிந்து ஐந்து மாதங்கள் கழிந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் பிரித்தானியாவின் 'டெய்லி மெயில்' நாளேடு ஒரு செய்தியை வெளியிட்டது. உண்ணாநிலையில் இருந்ததாகக் கூறப்பட்ட அவ்விளைஞர் மறைவாக மக்டொனால்ட்ஸ் பேர்கர் உண்டார் என்றும், காவல்துறையினரின் கண்காணிப்பில் அது அகப்பட்டது என்றும் அச்செய்தி கூறிற்று. 'தி சன்' நாளேடும் அதே குற்றச்சாட்டை வெளியிட்டது. போராட்டத்தின் போது காவற்பணிக்குச் செலவான பல மில்லியன் பவுண் பற்றிய பேச்சும் இதனுடன் சேர்ந்துகொண்டது.

அவ்விளைஞர் நீதிமன்றத்தை நாடினார். அத்தகைய கண்காணிப்புக் குழு எதுவும் இயங்கவில்லை, அத்தகைய ஒளிப்பதிவும் இல்லை என்பதை அப்பணிக்குப் பொறுப்பாயிருந்த காவல்துறை அதிகாரியே உறுதிப்படுத்தினார். 2010ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29ஆம் நாள் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் இரு நாளேடுகளும் தம் குற்றச்சாட்டு பொய்யானது என ஏற்றுக்கொண்டன. மொத்தம் 77,500 பவுண் இழப்பீடு வழங்கப்பட்டது. அதில் 47,500 பவுண் 'டெய்லி மெயில்' அளித்தது. 30,000 பவுண் 'தி சன்' அளித்தது.

செய்திக்கும் அவ்வொப்புதலுக்கும் இடையே ஒன்பது மாதங்களுக்கு மேல் கழிந்தன. அக்காலத்தில் நண்பர்களை இழந்ததாகவும், உறவினர்கள் தம்மைத் தவிர்த்ததாகவும், தம் சமூகத்திலிருந்தே முற்றாக ஒதுக்கப்பட்டதாகவும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூடத் தோன்றியதாகவும் அவர் பின்னர் கூறினார்.

இங்கேதான் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. அவரை ஒதுக்கியவர்களில் அச்சதுக்கத்துக்குச் சென்று அவரைக் கண்ணால் கண்டவர்களும் இருந்திருக்கக்கூடும். ஆங்கில நாளேடு ஒன்றில் அச்சாகி வந்தது என்ற ஒரே காரணத்தால், உடனிருந்தோரின் சாட்சியம் மதிப்பிழந்து போயிற்று. ஊடகத்தின் வலிமை எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

ஒரு பொய் எவ்வாறு மெய்போலத் தோன்றுகின்றது?

அச்செய்தியின் அமைப்பைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கூறுகள் தெரிகின்றன.

முதலாவது, அதிகாரத்தின் பெயர். 'காவல்துறை கண்டது' என்ற சொல் வந்தவுடன் வாசகர் வேறு சான்று கேட்பதில்லை. எந்த அதிகாரி, எந்த நாள், எந்த ஒளிப்பதிவு என்ற வினாக்கள் எழுவதற்கு முன்பே நம்பிக்கை பிறந்துவிடுகின்றது.

இரண்டாவது, நுணுக்கமான விவரம். 'ஏதோ உண்டார்' என்று எழுதியிருந்தால் அது வதந்தி போல ஒலித்திருக்கும். உணவின் பெயரும் கடையின் பெயரும் சேர்ந்தவுடன் அது நேரில் கண்ட செய்தியாகத் தோற்றம் பெறுகின்றது.

மூன்றாவது, மெய்யோடு பொய்யைப் பிணைத்தல். போராட்டம் நடந்தது மெய். காவற்பணிக்குப் பெருஞ்செலவானதும் மெய். அவ்விரண்டின் நிழலில் மூன்றாவதாக நின்ற பொய்யும் மெய்யாகிவிட்டது.

நாளேடு பின்னர் தவற்றை ஒப்புக்கொண்டால் தீங்கு நீங்கிவிடாதா என்று சிலர் வினவலாம். திருத்தம் ஒருபோதும் செய்தி சென்ற தொலைவுக்குச் செல்வதில்லை. இதற்கு உலகறிந்த சான்று 'நியூயோர்க் ரைம்ஸ்' நாளேடு. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்னும் கருத்தை வலுப்படுத்திய கட்டுரைகள் பலவற்றை 2001 முதல் 2003 வரை அந்நாளேடு வெளியிட்டது. அவற்றுட் பல முதற்பக்கத்தில் இடம்பெற்றன. 2004ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், அச்செய்திகள் போதிய கண்டிப்புடன் ஆராயப்படவில்லை என அதன் ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டது. அவ்வொப்புதல் அச்சான இடம் 10ஆம் பக்கம். அதற்குள் போர் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அளந்து பார்த்தவர்கள் கண்டது என்ன?

ஊடகங்கள் மக்களின் அறிவை எவ்வளவு சரியாக உருவாக்குகின்றன என்பதை ஓரளவு அளந்து பார்க்கவும் இயலும். ஈராக் போரின் போது அத்தகைய ஆய்வொன்று நடைபெற்றது. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அதன் முடிவுகளை வெளியிட்டனர்.

அவர்கள் மூன்று தவறான கருத்துகளை எடுத்துக்கொண்டனர். ஈராக் அரசு அல்-கைடாவுடன் நெருங்கிச் செயற்பட்டதற்கான சான்று கிடைத்துவிட்டது என்பது ஒன்று. ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் கண்டெடுக்கப்பட்டன என்பது மற்றொன்று. உலக மக்களில் பெரும்பான்மையோர் போரை ஆதரித்தனர் என்பது மூன்றாவது. இவை மூன்றும் பொய். ஆயினும் 60 விழுக்காட்டினர் இவற்றுள் ஒன்றையேனும் நம்பியிருந்தனர்.

அவர்கள் முதன்மையாக எந்த ஊடகத்திலிருந்து செய்தி பெற்றனர் என்று பிரித்துப் பார்த்தபோது வேறுபாடு வெளிப்பட்டது. 'ஃபொக்ஸ்' தொலைக்காட்சியைச் சார்ந்திருந்தோரில் 80 விழுக்காட்டினர் ஒரு தவறான கருத்தையேனும் கொண்டிருந்தனர். பொது ஒலிபரப்பு நிறுவனங்களைச் சார்ந்திருந்தோரில் அவ்வாறு நம்பியவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே.

இம்முடிவை அளவறிந்து கொள்ள வேண்டும். ஒருவர் தம் கருத்துக்கு ஏற்ற ஊடகத்தைத் தாமே தேர்ந்துகொள்ளவும் கூடும். ஆகவே எல்லாப் பழியையும் ஊடகத்தின் மீது சுமத்த இயலாது. எனினும் பார்வையாளரின் அரசியற் சார்பைக் கணக்கில் கொண்ட பின்னரும் வேறுபாடு நிலைத்திருந்தது என ஆய்வாளர்கள் கண்டனர். 'எல்லா ஊடகங்களும் ஒன்றுதான், எதையும் நம்ப முடியாது' என்னும் சோர்வுப் பேச்சுக்கு இவ்வாய்வு இடந்தரவில்லை. 80க்கும் 23க்கும் இடைப்பட்ட தொலைவு பெரிது. எந்த ஊடகத்தைத் தேர்கிறோம் என்பதில் பொருள் இருக்கின்றது.

சொல்லாமல் விடுதல்

பொய் சொல்லாமலே ஓர் ஊடகம் தவறான உலகைக் காட்ட இயலும். எதை முதலிற் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எண்ணிக்கையை யாரிடம் கேட்பது ஆகியவையே அதற்குப் போதும்.

2009ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, கனடாவின் ரொறன்ரோ நகரில் தமிழர்கள் கார்டினர் விரைவுநெடுஞ்சாலையில் ஏறி அமர்ந்தனர். அதே வார இறுதியில் முள்ளிவாய்க்காலில் நூற்றுக்கணக்கான பொதுமக்கள் கொல்லப்பட்டனர், கொழும்பிலிருந்த ஐ.நா. பேச்சாளர் மறுநாள் அதனை இரத்தக்களரி என்று விவரித்தார். கனடிய ஊடகங்களிலோ சாலை மறிக்கப்பட்டதும், போக்குவரத்துத் தடைப்பட்டதும், குழந்தைகளைப் போராட்டத்துக்குக் கொண்டுவந்தது சரியா என்பதுமே பெரும்பேச்சாயின. அச்செய்திகளில் கூறப்பட்டவை நிகழ்ந்தவையே. சாலை மறிக்கப்பட்டது, மக்கள் தாமதமாக வீடு சேர்ந்தனர். ஆயினும் அவற்றை மட்டும் பார்த்த ஒருவருக்கு, மக்கள் ஏன் சாலையில் ஏறினர் என்பது விளங்கியிருக்காது.

சொல்லாமல் விடுதலுக்குக் காரணம் எப்போதும் தீயநோக்கம் அன்று. ரொறன்ரோவின் நெடுஞ்சாலைக்கு மேலே செய்தி நிறுவனங்களின் உலங்குவானூர்தி பறக்க இயலும். வன்னிக்குள் எந்தச் செய்தியாளரும் தாமாகச் செல்ல இலங்கை அரசு இடமளிக்கவில்லை. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டன. படம் கிடைக்கும் இடத்தில் செய்தி பிறக்கின்றது. படம் கிடைக்காத இடத்தில் இறப்பும் செய்தியாவதில்லை.

எண்ணிக்கையின் கதை இதனினும் கொடியது. 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் போர்ப்பகுதிக்குள் இருக்கும் பொதுமக்கள் 70,000 முதல் 100,000 வரையினரே என்று அரசுத் தரப்பினர் கூறிவந்தனர். அவ்வெண் உலகச் செய்திகளிலும் இடம்பெற்றது. போர் முடிந்தபோது முகாம்களில் அடைக்கப்பட்டவர்களின் தொகை மட்டுமே 280,000க்கு மேற்பட்டிருந்தது. எத்தனை பேருக்கு உணவும் மருந்தும் தேவை என்ற கணக்கு அந்த எண்ணிலிருந்தே பிறக்கின்றது. ஆகவே ஓர் எண் தவறாகச் சொல்லப்பட்டது என்றால், உண்ண வேண்டிய வாய்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன என்பதே பொருள்.

ஐ.நா.வின் நிலையும் குற்றமற்றதாக இல்லை. கொல்லப்படுவோரின் எண்ணிக்கையை அதன் அலுவலர்கள் திரட்டி வந்தனர். அதனை ஐ.நா. உரிய வேளையில் வெளிப்படையாக அறிவிக்கத் தவறியது என்பதை, 2012ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான ஐ.நா.வின் உள்ளக ஆய்வறிக்கையே ஏற்றுக்கொண்டது.

தமிழ் ஊடகங்களும் இதே தராசில்

இதுவரை கூறியவற்றைக் கேட்ட அவையோர் தலையசைத்திருப்பர். இனிக் கூறப்படுவது சற்றுக் கசக்கும். எனினும் ஒரே தராசில் எல்லோரையும் நிறுப்பதே நேர்மை.

2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. அரச படைகள் தாக்குதலற்ற வலயங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் எறிகணை வீசியதையும், உணவும் மருந்தும் மறுக்கப்பட்டதையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாக அது பதிவு செய்தது. 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது என்றும் கூறிற்று. புலம்பெயர் தமிழ் ஊடகங்கள் இப்பகுதியை விரிவாக வெளியிட்டன. அது அவர்களின் கடமை.

அதே அறிக்கை விடுதலைப் புலிகள் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. பொதுமக்களைத் தடுத்து வைத்துக் கேடயமாகப் பயன்படுத்தியது, வெளியேற முயன்றவர்களைச் சுட்டது, சிறுவர்களைக் கட்டாயமாகப் படையிற் சேர்த்தது ஆகியன அவை. இப்பகுதியைப் புலம்பெயர் ஊடகங்களிற் பெரும்பாலானவை ஓரிரு வரிகளில் கடந்து சென்றன. கொழும்பின் அரசுசார் ஊடகங்களோ இரண்டாம் பகுதியைத் தூக்கிப் பிடித்து, முதற்பகுதியை அடியோடு மறுத்தன. ஓர் அறிக்கை இரண்டாகக் கிழிக்கப்பட்டு, இரு சமூகங்களுக்கும் ஒவ்வொரு துண்டு வழங்கப்பட்டது. இரு துண்டையும் சேர்த்துப் படித்தவர் இரு பக்கத்திலும் சிலரே.

நம்ப விரும்பும் செய்தியைப் பற்றியும் ஒரு சொல். 2009 மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில், விடுதலைப் புலிகளின் தலைவர் உயிருடன் நலமாக இருக்கின்றார் என்று அவ்வமைப்பின் அனைத்துலகத் தொடர்புப் பொறுப்பாளர் அறிவித்தார். மே மாதம் 24ஆம் நாள் அவரே தலைவரின் இறப்பை உறுதிப்படுத்தினார். அவ்விடைப்பட்ட நாட்களில் எத்தனையோ வீடுகளில் தந்தையும் மகனும் ஒருவரோடொருவர் முரண்பட்டனர். துயரில் இருப்போர் நம்பிக்கையைப் பற்றிக்கொள்வது இயல்பு. அவ்வியல்பை அறிந்தவர்கள் செய்தியைக் கூடுதல் பொறுப்புடன் கையாள வேண்டும் என்பதே அந்நாட்கள் தரும் பாடம்.

விசாரணையைத் தாங்கிய சான்று

உலகம் தமிழரின் துயரை நம்பவில்லை என்ற குறை பலரிடம் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆனால் உலகம் நம்பிய ஓர் எடுத்துக்காட்டையும் பார்க்க வேண்டும்.

2009ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிரித்தானியாவின் 'சனல் 4' தொலைக்காட்சி, கண்களும் கைகளும் கட்டப்பட்ட ஆண்கள் சுட்டுக் கொல்லப்படும் ஒளிப்பதிவை ஒளிபரப்பியது. அது போலியானது என்று இலங்கை அரசு கூறிற்று. சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், மூன்று வல்லுநர்களிடம் அதனை ஒப்படைத்தார். ஒருவர் தடயவியல் மருத்துவர். ஒருவர் ஒளிப்பதிவு ஆய்வாளர். ஒருவர் துப்பாக்கி வல்லுநர். உடல்கள் விழுந்த விதம், குருதியின் ஓட்டம், துப்பாக்கியின் பின்னுதைப்பு, பதிவின் தொடர்ச்சி ஆகியவற்றை அவர்கள் ஆராய்ந்தனர். 2010ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அப்பதிவு மெய்யானது என்பதையே சான்றுகள் காட்டுகின்றன என்று அல்ஸ்ரன் அறிவித்தார்.

அப்பதிவுக்கு வலிமை தந்தது உரத்த குரலன்று. எதிர்த்தரப்பு எழுப்பிய முதன்மையான ஐயங்களை அது தாங்கி நின்றது. மாறாக, வேறொரு நாட்டில், வேறொரு போரில் எடுக்கப்பட்ட ஒரு படத்தை 'ஈழத்தில் நடந்தது' என்று எழுதி ஒருவர் பகிர்ந்தால், அவர் கொலையாளிக்கே உதவி செய்கின்றார். ஒரு போலிப் படம் வெளிப்பட்டவுடன், நூறு மெய்யான படங்களையும் போலி என்று தள்ளிவிட எதிர்த்தரப்புக்கு வழி கிடைக்கின்றது. கணினியே படத்தையும் குரலையும் புனைந்து தரும் இக்காலத்தில் இவ்வெச்சரிக்கை பன்மடங்கு தேவைப்படுகின்றது.

வீட்டிலிருந்து தொடங்கும் பணி

புலம்பெயர் இல்லம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வரவேற்பறையில் பெற்றோர் தமிழ்த் தொலைக்காட்சி பார்க்கின்றனர். மேல்மாடியில் பிள்ளைகள் கைப்பேசியில் ஆங்கிலத்திலோ, பிரெஞ்சிலோ, ஜேர்மன் மொழியிலோ செய்தி படிக்கின்றனர். ஒரே கூரையின் கீழ் இரு வேறு உலகங்கள். 2009 ஒக்டோபரில் பேர்கர் செய்தி வெளியானபோது, வகுப்பறையில் ஏளனத்துக்கு ஆளாகிய தமிழ்ப் பிள்ளை அதனை வீட்டில் சொல்லத் தயங்கியிருக்கலாம். சொல்லியிருந்தாலும், அந்நாளேட்டைப் படித்தறியாத பெற்றோர் தக்க விடை அளிக்க இயலாமல் இருந்திருக்கலாம்.

இக்குறையே ஒரு பெரும் வாய்ப்புமாகும். இரு மொழி அறிந்த வீட்டில் ஒரே நிகழ்ச்சியை இரு கோணங்களில் பார்க்க இயலும். வாரம் ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் போதும். ஒரே செய்தியைப் பெற்றோர் தமிழிலும் பிள்ளைகள் தாம் வாழும் நாட்டின் மொழியிலும் படித்து, ஒருவருக்கொருவர் எடுத்துரைக்கலாம். அப்போது கேட்கத்தக்க வினாக்கள் இவை:

1. இதனை நேரில் கண்டவர் யார்? கண்டவரின் சொல் செய்தியில் உள்ளதா, அல்லது 'கூறப்படுகின்றது' என்ற சொல் மட்டும் உள்ளதா?

2. எண்ணிக்கை கொடுக்கப்பட்டிருந்தால் எண்ணியவர் யார்? அவ்வெண் குறைவதாலோ கூடுவதாலோ பயன்பெறுபவர் யார்?

3. படம் எப்போது, எங்கே எடுக்கப்பட்டது? இதே படம் முன்னர் வேறெங்கேனும் வெளிவந்துள்ளதா? இணையத்தில் படத்தைக் கொண்டே படத்தைத் தேடும் வசதி உண்டு. பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் தேடித் தருவர்.

4. குற்றஞ்சாட்டப்பட்டவரின் மறுமொழி கேட்கப்பட்டதா?

5. இவ்வூடகம் தன் தவறுகளை முன்னர் திருத்தியுள்ளதா? பிழை இன்னதென்று தெரிந்த தராசைக் கழித்தோ கூட்டியோ பயன்படுத்தலாம். பிழையே இல்லை என்று சாதிக்கும் தராசுதான் ஆபத்தானது.

6. இச்செய்தி மெய்யாக இருக்க வேண்டும் என்று உள்ளம் விரும்புகின்றதா? விரும்பினால், பகிர்வதற்கு முன் ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை 'இதற்குச் சான்று என்ன?' என்று கேட்டால், அதனை இனப்பற்றின் குறைவாகக் கொள்ளாதீர்கள். நாளை ஒரு பாராளுமன்றக் குழுவின் முன்போ, ஒரு நீதிமன்றத்திலோ, ஒரு பல்கலைக்கழக அவையிலோ தமிழர் தரப்பை எடுத்துரைக்கப் போவது அப்பிள்ளையே. அங்கே அதே வினாவை அயலார் கேட்பர். அதற்கு வீட்டிலேயே பழகியிருப்பது நன்று.

இளையோருக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோர் பார்க்கும் தமிழ்ச் செய்தியை எள்ளி நகையாடாதீர்கள். பிறமொழி ஊடகங்களிற் பெரும்பாலானவை மௌனமாக இருந்த நாட்களில், வன்னியின் மருத்துவமனைகளிலிருந்து வந்த குரல்களைத் தமிழ் ஊடகங்கள் இடைவிடாது கொண்டுவந்தன. அவற்றின் குறையைச் சுட்டும் உரிமை, அவற்றின் உழைப்பை அறிந்தவருக்கே உண்டு. அம்மாவிடமும் அப்பாவிடமும் கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள். நாள், இடம், கண்டவர் ஆகிய மூன்றும் சேர்ந்த குறிப்பு ஒருநாள் சான்றாகும்.

நிறைவாக, தொடக்கத்திற் கூறிய இளைஞரின் நிகழ்ச்சிக்கே திரும்பலாம். அவர் உண்ணவில்லை, அவர்மீது சொல்லப்பட்டது பொய், சொன்னவர்களே நீதிமன்றத்தில் அதனை ஏற்றுக்கொண்டனர். 2009இல் அச்செய்தியைக் கேட்டு நம்பியவர், அதனை வேறொருவரிடம் சொன்னவர், இந்த அவையிலும் இருக்கக்கூடும். அவர்கள் இன்று வீடு திரும்பியதும், அன்று யாரிடம் அதனைச் சொன்னார்களோ அவரைத் தொலைபேசியில் அழைத்து, அது பொய்யென்று சொல்லட்டும். நாளேட்டின் திருத்தம் எட்டாத இடத்துக்கு ஒரு சமூகத்தின் திருத்தம் எட்ட இயலும். தீர விசாரித்தலின் முதற்படி அதுவே.